தலைவரின் வீட்டுக்காரர் செய்ய வேண்டிய வேலை

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடை. எதிரே உட்கார்ந்திருந்தது ஒரு தம்பதி. மனைவி, சுற்றுவட்டார ஊராட்சி ஒன்றின் தலைவர். 2021 அக்டோபரில் விழுப்புரம் உட்பட 9 மாவட்டங்களுக்கு நடந்த ஊரக உள்ளாட்சித் தேர்தலில் ஜெயித்தவர். பதவிக்காலம் ஐந்தாண்டு. அடுத்த தேர்தலிலும் நிற்பது என்று முடிவு செய்துவிட்டார்கள். கணவருக்குத்தான் ஒரு சந்தேகம்.

"அண்ணா, மொதல் தடவ எல்லாத்தையும் நான்தான் முன்னால நின்னு பார்த்தேன். இந்தத் தடவ ஊர்ல ஒரு பேச்சு வருது. தலைவரு நீயா, உங்க வீட்ல அவங்களான்னு கேக்கறாங்க. நான் எவ்ளோ செய்யணும், எங்க நிறுத்திக்கணும்?"

அந்த அம்மாவும் சொன்னார்: "நானே கேக்கணும்னு இருந்தேண்ணா. இவரு இல்லாம என்னால ஜெயிக்க முடியாது. இவரு ரொம்ப வந்தாலும் ஜெயிக்க முடியாது போலிருக்கு."

இதைவிடத் தெளிவாக இந்தக் கேள்வியை யாரும் கேட்க முடியாது. பதவியில் இருப்பவர் இரண்டாம் முறை மக்களிடம் போகும்போது, வாழ்க்கைத் துணையின் ஆதரவு எவ்வளவு தூரம் உதவும், எந்த இடத்தில் அது பாரமாக மாறும்? மேல்மலையனூர்ப் பக்கத்து ஊராட்சித் தலைவர் முதல் முதலமைச்சர் வரை எல்லோருக்கும் பொருந்துகிற கேள்வி. டீ சொல்லிவிட்டு அன்று அவர்களிடம் பேசியதை, கொஞ்சம் ஒழுங்குபடுத்தி இங்கே தருகிறேன்.

முதல் தடவையும் இரண்டாம் தடவையும்

முதலில் ஒரு வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். முதல் முறை நிற்பவரை மக்களுக்கு அவ்வளவாகத் தெரியாது. "இன்னார் மகள், இன்னார் மனைவி" என்றுதான் அறிமுகம் ஆகும். துணை முன்னால் நடப்பதில் அப்போது தவறில்லை. வாக்காளர் அந்தக் குடும்பத்தின் பேரை நம்பி ஓட்டுப் போடுகிறார்.

இரண்டாம் முறை கேள்வி மாறிவிடுகிறது. ஐந்து வருடம் அந்த நாற்காலியில் இருந்தீர்களே, என்ன செய்தீர்கள்? குடிநீர்க் குழாய் எந்தத் தெருவுக்கு வந்தது, எந்தத் தெருவுக்கு வரவில்லை? நூறு நாள் வேலையில் யார் பெயர் விடுபட்டது? இதற்கெல்லாம் பதில் சொல்லக் கடமைப்பட்டவர் பதவியில் இருந்தவர் மட்டுமே. பக்கத்தில் நிற்பவர் பதிலை எடுத்துச் சொன்னால், அந்த ஐந்து வருடமும் யார் தலைவராக இருந்தார் என்பது ஊருக்கு வெளிச்சமாகிவிடும்.

இதை மனதில் வைத்துக்கொண்டால் மற்றது எல்லாம் எளிது. சட்டம் எதை அனுமதிக்கிறது, வரலாறு எதைக் காட்டுகிறது, வீட்டில் என்ன செய்யலாம் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சட்டம் எவ்வளவு இடம் தருகிறது

சட்டமன்ற, மக்களவைத் தேர்தல்களுக்கு 1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம். உள்ளாட்சித் தேர்தலை மாநிலத் தேர்தல் ஆணையம் தனி விதிகளின்படி நடத்துகிறது. வேட்பாளரின் துணைக்குச் சட்டம் எப்படி இடம் தருகிறது என்பதைப் பெரிய தேர்தலை வைத்துச் சொன்னால் சுலபமாகப் புரியும்.

வேட்புமனுவிலேயே துணை வந்துவிடுகிறார். மனுவோடு தாக்கல் செய்யும் 26ஆம் எண் படிவப் பிரமாணப் பத்திரத்தில் வேட்பாளரின் சொத்து, கடனோடு கணவர் அல்லது மனைவியின் சொத்தும் கடனும் எழுதப்பட வேண்டும். 2018இல் வந்த உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு, துணையின் வருமானம் எந்த வழியில் வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். வாக்காளர் வேட்பாளரை அளக்கும்போது வீட்டையும் சேர்த்து அளக்கலாம் என்பதே இதன் பொருள். வீட்டில் நகை ஏறியதா, நிலம் ஏறியதா என்று 5 வருடத்துக்கு முந்தைய பத்திரத்தையும் இந்தப் பத்திரத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எவரும் பார்க்கலாம். இரண்டாம் முறை நிற்பவருக்கு இது பெரிய சோதனை.

அடுத்தது, மாற்று வேட்பாளர். மனுத் தாக்கலின்போது பல வேட்பாளர்கள் மனைவியையோ கணவரையோ மாற்று வேட்பாளராக மனுப் போட வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். பிரதான வேட்பாளரின் மனு ஏதாவது குறையால் தள்ளுபடியானால் கட்சிக்கு ஆள் இல்லாமல் போய்விடக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளருக்கு ஒரு முன்மொழிபவர் போதும். மற்றவர்களுக்கு 10 பேர் வேண்டும். கட்சி வேட்பாளரின் மனு ஏற்கப்பட்டதும், ஒரே முன்மொழிபவரோடு வந்த மாற்று வேட்பாளரின் மனு தானாகவே நிராகரிக்கப்படும். மனைவி பெயரில் போட்ட மனு தள்ளுபடி என்று செய்தி வந்தால் பதற வேண்டியதில்லை. அது நடக்க வேண்டியபடி நடந்திருக்கிறது.

மூன்றாவது, பணம். சட்டமன்றத் தொகுதி வேட்பாளர் ஒருவர் செலவு செய்யக்கூடிய உச்சவரம்பு தமிழ்நாட்டில் 2022 முதல் 40 லட்சம் ரூபாய். கடந்த ஊரகத் தேர்தலில் கிராம ஊராட்சித் தலைவர் வேட்பாளருக்கு அது 34,000 ரூபாய். "அது என் பொண்டாட்டி காசு, என் கணக்கில் வராது" என்று சொல்ல முடியாது. சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளரின் சம்மதத்தோடு துணை செய்யும் செலவு வேட்பாளரின் கணக்கில் ஏறும். வேட்பாளரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் அவருக்காக ஒருவர் செலவு செய்தால், செலவு செய்தவர் மேலேயே குற்றம் வரும். ஆகவே துணை போடுகிற ஒவ்வொரு பந்தலுக்கும் ஒவ்வொரு வண்டிக்கும் ரசீது வேண்டும்.

நான்காவது, அரசு வேலை. நம் பக்கத்தில் இது நிறையப் பேரைத் தொடும். கணவர் கட்சிக்காரர், மனைவி அரசுப் பள்ளி ஆசிரியை என்ற வீடுகள் செஞ்சியிலும் உண்டு, திண்டிவனத்திலும் உண்டு. அந்த ஆசிரியை தன் ஓட்டைக் கணவருக்குப் போடலாம். பிரசாரத்துக்கு வரக் கூடாது. தேர்தல் முகவராகவோ, வாக்குச்சாவடி முகவராகவோ, வாக்கு எண்ணும் முகவராகவோ உட்கார்ந்தால் மூன்று மாதம் வரை சிறைத் தண்டனைக்கு வழியிருக்கிறது. கணவருக்கும் ஆபத்து உண்டு: தன் வெற்றிக்காக, சட்டம் குறிப்பிடும் வகைகளில் வரும் அரசு ஊழியரின் உதவியைப் பெறுவது முறைகேடான செயல் என்று சட்டத்தின் 123ஆம் பிரிவு சொல்கிறது. மனைவி அந்த வகையில் வந்தால், அவர் செய்த உதவியால் கணவரின் வெற்றியே செல்லாமல் போகக்கூடும். ஆசையிருந்தும் ஒதுங்கி நிற்பதுதான் அந்த ஆசிரியை கணவருக்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.

அரசு வேலையில் இல்லாத துணைக்குத் தடை ஏதும் இல்லை. வீடு வீடாகப் போகலாம், மேடையில் பேசலாம், முகவராக உட்காரலாம். ஆக, எவ்வளவு செய்யலாம் என்ற கேள்விக்குச் சட்டம் தாராளமாகவே பதில் சொல்கிறது. எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்குச் சட்டத்தைத் தாண்டித்தான் பார்க்க வேண்டும்.

ஜானகி அம்மாள் கற்ற பாடம்

தமிழ்நாட்டில் துணையின் ஆதரவு என்றால் முதலில் பேச வேண்டியது 1984. முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அந்த ஆண்டு அக்டோபரில் அப்போலோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். நவம்பரில் நியூயார்க் நகரத்தின் புரூக்ளினுக்குக் கொண்டு செல்லப்பட்டார். டிசம்பர் 24இல் வாக்குப்பதிவு. ஆண்டிப்பட்டி வேட்பாளரான அவர் அமெரிக்காவில் சிறுநீரக மாற்று சிகிச்சையில் இருந்தார். தொகுதிக்கு ஒரு நாளும் வரவில்லை. மருத்துவமனையில் எடுத்த வீடியோப் படம் தமிழ்நாட்டில் ஊர் ஊராகத் திரையிடப்பட்டது. தலைவர் உயிரோடு இருக்கிறார், தேறி வருகிறார் என்று மக்கள் கண்ணால் பார்த்தார்கள். அவருக்குப் பக்கத்தில் மனைவி வி.என். ஜானகி இருந்தார். ஆண்டிப்பட்டியில் எம்.ஜி.ஆர். ஜெயித்தார். கட்சி 132 இடங்களைப் பிடித்தது. 1985 பிப்ரவரியில் ஊர் திரும்பி மறுபடி முதலமைச்சராகப் பொறுப்பேற்றார்.

அந்தத் தேர்தலில் ஜானகி மேடை ஏறி எதையும் சாதிக்க வேண்டியிருக்கவில்லை. நோயுற்ற கணவரைக் கவனித்துக்கொண்டார். அந்தக் கவனிப்பே அந்த நேரத்தில் வேண்டிய ஆதரவு.

1987 டிசம்பர் 24இல் எம்.ஜி.ஆர். மறைந்தார். ஜானகி முதலமைச்சரானார். 1988 ஜனவரி 7 முதல் 30 வரை அவர் ஆட்சி. தமிழ்நாட்டின் முதல் பெண் முதலமைச்சர். அதற்கடுத்த 1989 தேர்தலில் கட்சி இரண்டாகி நின்றது. ஜானகி அணிக்கு இரட்டைப் புறா சின்னம், ஜெயலலிதா அணிக்குச் சேவல். கணவர் படுக்கையில் இருந்தபடி ஜெயித்த அதே ஆண்டிப்பட்டியில் ஜானகி தோற்றார். அவர் அணிக்குக் கிடைத்தது 2 இடங்கள், எதிரணிக்கு 27. அதன் பிறகு அவர் அரசியலிலிருந்து விலகி, கட்சி ஒன்றாகவும் இரட்டை இலை திரும்பவும் வழிவிட்டார்.

இதில் ஜானகி அம்மாளைக் குறைத்துச் சொல்ல எதுவும் இல்லை. மக்களின் மனக்கணக்கைத்தான் கவனிக்க வேண்டும். ஒருவருக்கு மக்கள் வைத்த அன்பு, பக்கத்தில் நின்றவருக்குப் பட்டா மாற்றிக் கொடுக்கப்படுவதில்லை. துணையாக இருந்த காலத்தில் மக்கள் அவரை மனதார ஏற்றார்கள். நாற்காலிக்கு என்று வந்தபோது, அவரே செய்த வேலை எது என்று கேட்டார்கள்.

நம் மாவட்டத்தில் நடந்தது

இன்னும் அருகே வருவோம். கள்ளக்குறிச்சி தனி மாவட்டமாகப் பிரிந்தது 2019இல். அதுவரை ரிஷிவந்தியமும் உளுந்தூர்ப்பேட்டையும் விழுப்புரம் மாவட்டத்தில்தான் இருந்தன. 2006இல் விருத்தாசலத்தில் ஜெயித்து முதல்முறை சட்டமன்றம் போன விஜயகாந்த், 2011இல் ரிஷிவந்தியத்தில் நின்றார். பிரேமலதா கணவருக்காகவும் கட்சிக்காகவும் ஊர் ஊராகப் பேசினார். விஜயகாந்த் ஜெயித்தார். தே.மு.தி.க.வுக்கு 29 இடங்கள். அவர் எதிர்க்கட்சித் தலைவரானார்.

2016இல் உளுந்தூர்ப்பேட்டை. இந்த முறை விஜயகாந்தின் பேச்சு குறைந்திருந்தது. கட்சியின் குரலாகப் பெரிதும் ஒலித்தது பிரேமலதாவின் குரல். உழைப்பில் அவர் குறை வைக்கவில்லை. ஆனால் விஜயகாந்த் மூன்றாம் இடத்துக்குப் போய் டெபாசிட்டை இழந்தார். கட்சிக்கு ஓரிடமும் கிடைக்கவில்லை.

கூட்டணி, காலம், கட்சியின் போக்கு என்று தோல்விக்குப் பல காரணம் உண்டு. மனைவி பேசியதால் தோற்றார் என்று சொல்வது அநியாயம். நான் சொல்ல வருவது வேறு. 2011இல் மக்களுக்கு விஜயகாந்த் பேசியதும் கேட்டது, பிரேமலதா பேசியதும் கேட்டது. இரண்டாவது குரல் முதல் குரலுக்கு வலுச் சேர்த்தது. முதல் குரல் மெலிந்த பிறகு, இரண்டாவது குரல் எவ்வளவு உரக்க ஒலித்தாலும் அந்த இடத்தை நிரப்ப முடியவில்லை. பதவி கேட்பவரின் வாயிலிருந்து வர வேண்டிய சொல்லை மக்கள் அவரிடமிருந்தே கேட்க விரும்புகிறார்கள்.

வெளியூரிலும் இதைப் பார்க்கலாம். 1981 இடைத்தேர்தலில் அமேதியில் ஜெயித்த ராஜீவ் காந்தி, 1984இல் பிரதமராக மறுபடி அங்கே நின்றார். எதிரே நின்றவர் தம்பி மனைவி மேனகா. ராஜீவ் நாடு முழுக்கச் சுற்ற வேண்டியிருந்ததால், சோனியா அமேதிக் கிராமங்களில் கணவருக்காக ஓட்டுக் கேட்டார். ராஜீவ் பெரும் வித்தியாசத்தில் வென்றார். வேட்பாளர் வர முடியாத தெருவுக்குத் துணை போய் வந்தார். ராஜீவ் யார், என்ன செய்கிறார் என்பதில் அங்கே யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஜார்க்கண்டில் முதலமைச்சர் ஹேமந்த் சோரன் 2024 ஜனவரி 31இல் கைது செய்யப்பட்டார். அதுவரை அரசியல் மேடையில் அதிகம் தெரியாத மனைவி கல்பனா கட்சிக் கூட்டங்களில் பேசத் தொடங்கினார். அவர் கணவர் பெயரை மட்டும் நம்பிவிடவில்லை. காண்டே தொகுதி இடைத்தேர்தலில் தானே நின்று ஜெயித்துச் சட்டமன்ற உறுப்பினரானார். ஜூனில் ஹேமந்த் வெளியே வந்தார். நவம்பரில் பொதுத்தேர்தல் வந்தபோது இருவரும் தனித்தனி மேடைகளில் மாநிலம் முழுக்கப் பேசினார்கள். கூட்டணி 81இல் 56 இடங்களை வென்றது. ஹேமந்த் மறுபடி முதலமைச்சர். துணையின் ஆதரவு, துணை தன் பெயரில் மக்களைச் சந்தித்த பிறகு இரட்டிப்பு வலுப் பெற்றது.

மனைவிகள் செய்துவந்த வேலை

இதுவரை சொன்னவற்றில் மேடையும் பிரசாரமும்தான் இருக்கிறது. செய்தித்தாளில் வராத ஆதரவு இன்னொன்று உண்டு. எனக்கு மிக முக்கியமாகத் தோன்றுவது அதுதான்.

ஒரு ஆண் எம்.எல்.ஏ.வின் வீட்டை நினைத்துப் பாருங்கள். விடியற்காலை ஆறு மணிக்கே வாசலில் பத்துப் பேர். முதியோர் உதவித்தொகை, பட்டா மாறுதல், பிள்ளைக்குக் கல்லூரி இடம், ஆஸ்பத்திரிக்கு ஒரு போன். அவர்களை உட்காரவைத்து மோரோ டீயோ கொடுப்பவர் யார்? "அவரு சென்னைக்குப் போயிருக்காரு, வெள்ளிக்கிழமை வருவாரு, நீங்க மனுவக் குடுத்துட்டுப் போங்க" என்று பதமாகச் சொல்லி அனுப்புபவர் யார்? கட்சிக்காரர்கள் இரவு பன்னிரண்டு மணிக்கு வந்தாலும் அடுப்பை ஏற்றுபவர், பிள்ளைகளின் படிப்பைப் பார்ப்பவர், மாமனார் மாமியாரை மருத்துவரிடம் அழைத்துப் போகிறவர் யார்? அந்த மனைவிதான். ஐந்தாண்டு முழுக்க அவர் செய்த இந்த வேலைதான் கணவரை ஊர் சுற்ற விட்டது. மறுபடி ஓட்டுக் கேட்கப் போகும்போது, "அந்தம்மா வாசல்ல நிக்க வெச்சதே இல்ல" என்று ஊர் சொல்லும் ஒரு சொல் பல போஸ்டர்களுக்குச் சமம்.

இந்த மனைவிகள் பெரும்பாலும் செய்யாத ஒன்றையும் கவனியுங்கள். கணவரின் பெயரில் கையெழுத்துப் போட்டதில்லை. பி.டி.ஓ. அலுவலகத்தில் கணவரின் நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. எம்.எல்.ஏ.வின் போன் வந்தால் எடுத்து, "நானே சொல்றேன், செஞ்சிடுங்க" என்று அதிகாரிக்கு உத்தரவு போட்டதில்லை. உழைப்பைக் கொடுத்தார்கள், அதிகாரத்தை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கணவரிடம் நான் சொன்ன பதில் இதுதான். ஆண் தலைவருக்கு மனைவி என்னென்ன செய்தாரோ, பெண் தலைவருக்குக் கணவர் அதை அப்படியே செய்தால் போதும். அதில் கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம்.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டார்: "சோறாக்கச் சொல்றீங்களாண்ணா?"

ஆமாம், அதையும்தான் சொல்கிறேன் என்றேன்.

சட்டம் அந்த அம்மாவின் பெயரில்தான் நிற்கிறது

ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்பதை விளக்க வேண்டும். 73ஆவது அரசியலமைப்புத் திருத்தம் 1993 ஏப்ரல் 24இல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சிகளில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு இடம் பெண்களுக்கு என்றது. தமிழ்நாடு 2016இல் அதைச் சரிபாதியாக உயர்த்தியது. இன்று நாட்டில் 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்கள் ஊராட்சி அமைப்புகளில் தேர்ந்தெடுக்கப்பட்ட உறுப்பினர்கள். இவர்களில் பலருடைய வேலையைக் கணவரோ மகனோ மாமனாரோ பார்க்கிறார் என்பது ஊரறிந்த செய்தி. 2015 ஊராட்சி தினத்தில் பிரதமரே இந்தப் பழக்கம் ஒழிய வேண்டும் என்று பேசினார். இது உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்காகப் போய், அதன் தொடர்ச்சியாக ஒன்றிய ஊராட்சி அமைச்சகம் 2023 செப்டம்பரில் ஒரு குழு அமைத்தது. 2025இல் வந்த அதன் அறிக்கை, பெண் தலைவருக்குப் பதிலாக ஆட்சி நடத்தும் உறவினர்களுக்கு மற்றவர்கள் பயப்படும் அளவுக்குத் தண்டனை வேண்டும் என்றது. தண்டனையோடு, பெண் தலைவர்களுக்குத் தொடர்ச்சியான பயிற்சியும் ஒருவருக்கொருவர் கைகொடுக்கும் அமைப்பும் வேண்டும் என்றும் கேட்டது.

இதில் கணவர்கள் பலர் யோசிக்காத ஒன்று இருக்கிறது. கிராம ஊராட்சிக் கணக்கில் காசோலைக்குத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். அந்தக் கையெழுத்து மனைவியுடையது. அதிகார துஷ்பிரயோகம் நடந்தால் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205ஆம் பிரிவின்படி மாவட்ட ஆட்சியர் நோட்டீஸ் அனுப்புவதும், பதவியைப் பறிக்க நடவடிக்கை எடுப்பதும் மனைவியின் பெயரில்தான். கணவர் ஒப்பந்ததாரரோடு பேசி முடித்த ஒரு வேலைக்கு, எதுவும் தெரியாமல் கையெழுத்துப் போட்ட மனைவி பதில் சொல்ல வேண்டி வரும். ஒத்தாசை என்று நினைத்துச் செய்வது, அவர் தலையில் வைக்கிற பாரமாகிவிடுகிறது.

செஞ்சிக்கு இது கூடுதலாகப் புரிய வேண்டும். கோட்டையின் கதையைச் சொல்லும்போது, 1714இல் போரில் மாண்ட தேசிங்குராஜனுக்காக உடன்கட்டை ஏறிய அவன் மனைவியைப் பற்றியும் சொல்வோம். ராணிப்பேட்டை என்ற ஊர்ப்பெயர் அவர் நினைவாக வந்தது என்பார்கள். ஒரு காலத்தில் துணையின் விசுவாசத்துக்கு உச்சமாகக் காட்டப்பட்டது அது: கணவனோடு மனைவியும் இல்லாமல் போவது. இன்று அதே மண்ணில் ஒரு பெண்ணின் பெயர் இளஞ்சிவப்பு வாக்குச்சீட்டில் அச்சாகி, ஊரே முத்திரை குத்தித் தேர்ந்தெடுக்கிறது. அப்படி வந்த பெயரைக் கணவரின் பெயருக்குப் பின்னால் மறைப்பதை நான் ஆதரவு என்று சொல்ல மாட்டேன்.

இனி என்ன செய்யலாம்

அன்று நாங்கள் சேர்ந்து பேசி முடிவு செய்தவை பெரிய விஷயங்கள் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஓட்டாக மாறக்கூடியது.

கிராம சபை முதலில். தமிழ்நாட்டில் ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு கிராம சபைகள். ஊர் முழுக்கத் தலைவரைத் தலைவராகப் பார்க்கும் இடம் அது. கணவர் அன்று மேடைப் பக்கம் போகக் கூடாது. மற்ற வாக்காளர்களோடு கீழே உட்கார்ந்து, வேண்டுமானால் ஒரு வாக்காளராக எழுந்து கேள்வி கேட்கட்டும். வரவு செலவைத் தலைவரே வாசிக்க வேண்டும். தடுமாறினாலும் பரவாயில்லை. தடுமாறி வாசித்த கணக்கை ஊர் நம்பும். வேறொருவர் மடமடவென்று வாசித்த கணக்கை நம்பாது.

அடுத்து போன். தலைவர் என்று ஊராட்சி அலுவலகச் சுவரில் எழுதியிருக்கும் எண் யார் சட்டைப் பையில் இருக்கிறது? அது கணவரிடம் இருந்தால் இன்றே மாற்றிவிட வேண்டும். தெருவிளக்கு எரியவில்லை என்று இரவில் வரும் போனை அந்த அம்மா எடுத்து, "காலைல ஆளனுப்பறேன் பெரியம்மா" என்று சொல்லும் ஒரு வாக்கியம், தேர்தல் நேரத்தில் துண்டறிக்கை செய்யாததைச் செய்யும்.

ஒன்றிய அலுவலகக் கூட்டங்களுக்கு அவரே போக வேண்டும். கணவர் வண்டியில் கொண்டுவிட்டு வாசலில் காத்திருக்கலாம். வெளியே காத்திருப்பதை அவமானமாக நினைக்க வேண்டியதில்லை. எத்தனை அமைச்சர்களின் மனைவிகள் எத்தனை மணி நேரம் காத்திருந்திருக்கிறார்கள்!

படிவம், கணக்கு, அரசாணை இவற்றில் கணவருக்குப் பழக்கம் இருந்தால், ராத்திரி வீட்டில் உட்கார்ந்து சொல்லிக் கொடுக்கலாம். தெரிந்ததை மனைவிக்குக் கற்றுத் தருவதும், தெரிந்ததால் தானே செய்துவிடுவதும் ஒன்றாகாது. முதலாவது அடுத்த ஐந்தாண்டுக்கு ஒரு தலைவரைத் தயார் செய்கிறது. இரண்டாவது, ஐந்து வருடம் கழித்தும் எதுவும் தெரியாதவராகவே அவரை வைத்துவிடுகிறது.

பிரசாரத்தில் கணவர் தாராளமாக இறங்கலாம். வாக்காளர் பட்டியலை வைத்துக்கொண்டு வெளியூர் போனவர்களை விசாரிக்கலாம். செலவுக்கு ரசீது சேர்க்கலாம். மனைவி போக முடியாத டீக்கடைக்கும் களத்துமேட்டுக்கும் போய்ப் பேசலாம். பேசும்போது "நான் ரோடு போட்டேன்" என்று சொல்லக் கூடாது. "இவங்க போட்டாங்க" என்று சொல்ல வேண்டும். அதை உண்மையாகச் சொல்ல முடிந்தால் மட்டுமே சொல்ல வேண்டும். சொல்ல முடியவில்லை என்றால், அடுத்த ஐந்தாண்டில் எதைத் திருத்திக்கொள்ள வேண்டும் என்று தெரிந்துவிட்டது.

எல்லாவற்றுக்கும் மேலே வீட்டு வேலை. காலை ஏழு மணிக்குக் குடிநீர்த் தொட்டியைப் பார்க்கத் தலைவர் போக வேண்டும் என்றால், அந்த நேரத்தில் பிள்ளைகளுக்குச் சோறு கட்டுவது யார்? அந்தக் கேள்விக்கு வீட்டில் பதில் இல்லாததால்தான் பல ஊர்களில் தொட்டியைப் பார்க்கக் கணவர் போகிறார். அடுப்படியில் தொடங்கிய பிரச்சினை, ஆட்சியர் நோட்டீஸில் வந்து முடிகிறது. கணவர் அடுப்படிக்குள் வந்தால், மனைவி ஊராட்சி அலுவலகத்துக்குள் போக முடியும்.

இது ஊராட்சியோடு நிற்கிற விஷயமும் இல்லை. 2021 தேர்தலில் 234 பேர் கொண்ட தமிழ்நாடு சட்டமன்றத்துக்கு ஜெயித்து வந்த பெண்கள் 12 பேர். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு பெண்களுக்கு என்று 2023இல் 106ஆவது திருத்தம் நிறைவேறியிருக்கிறது. அது நடைமுறைக்கு வரும்போது தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் மட்டும் ஏறக்குறைய 78 பெண்கள் உட்கார வேண்டும். அவர்களில் பலர் இன்று ஏதாவது ஒரு ஊராட்சியிலோ பேரூராட்சியிலோ முதல் பதவியில் இருப்பவர்களாகத்தான் இருப்பார்கள். அவர்கள் இரண்டாம் முறை தங்கள் வேலையைச் சொல்லி ஜெயித்தால், அந்த 78 பேரும் தங்கள் சொந்தக் குரலோடு கோட்டைக்குப் போவார்கள். கணவரின் பெயரால் ஜெயித்தால், சட்டமன்றத்தில் பெண்களின் எண்ணிக்கை கூடும், பெண்களின் குரல் கூடாது.

ஆகவே மனைவியோ கணவரோ மறுபடி நிற்கப் போகிறார் என்றால், ஓட்டுக் கேட்கக் கிளம்பும் முன் துணையானவர் தன்னைத்தானே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி இது: நான் செய்த உதவியால் இந்த ஐந்து வருடத்தில் அவருக்கு வேலை தெரிந்ததா, அவர் பேர் ஊருக்குத் தெரிந்ததா? தெரிந்தது என்றால் தைரியமாகக் கூடவே போகலாம். தெரியவில்லை என்றால், தேர்தல் தேதி அறிவிக்கும் வரை இன்னும் நேரம் இருக்கிறது. போனையும் பேனாவையும் இன்றே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.